டோக்கியோ – லாஸ் ஏஞ்சல்ஸ்: தூரம் ஒன்றுதான், போக 10 மணி நேரம், வர 12 மணி நேரம். எந்தக் கணக்கை நம்புவது?

கேள்வி – பயணக்கணக்கன்

டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் நடுவே விமான தூரம் எவ்வளவு என்று தேடினால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். ஓரிடத்தில் 8,813, இன்னோரிடத்தில் 8,754, மூன்றாவது இடத்தில் 5,476, நாலாவதில் 4,759. சுவரில் மாட்டுகிற உலகப்படத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் 9,300 கிலோமீட்டர் வருகிறது.

நேரத்திலும் இதே கதைதான். டோக்கியோவிலிருந்து போக சுமார் 10 மணி நேரம், திரும்பி வர 12 மணி நேரம் என்று அட்டவணை சொல்கிறது. அதே பாதை, அதே ரக விமானம், அப்புறம் எப்படி 2 மணி நேரம் கூடுகிறது? போதாக்குறைக்கு மாலை 5 மணிக்குக் கிளம்பும் விமானம் அதே நாள் காலை 10 மணிக்குப் போய்ச் சேருகிறதாம்.

தூரத்தை நாமே கணக்குப் போட்டுப் பார்க்க வழி உண்டா? நேரடி விமானம் கிடைக்காவிட்டால் எங்கே மாறிப் போனால் சுற்று குறைவு? விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் நல்லது.


பதில் 1 – திசைமானி

முதலில் அந்த நாலு எண்கள். நாலும் சரிதான். 8,813 என்பது டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையம் வரை, கிலோமீட்டரில். 5,476 அதே தூரம், மைலில் (1 மைல் = 1.609 கி.மீ.). 4,759 அதே தூரம், கடல் மைலில் (1 கடல் மைல் = 1.852 கி.மீ.). விமானிகளும் விமானத் திட்டமும் பேசுவது கடல் மைலில்தான். அலகைப் போடாமல் வெறும் எண்ணை மட்டும் போடும் தளங்கள்தான் குழப்பத்துக்குக் காரணம். 8,754 மட்டும் வேறு: அது டோக்கியோவின் இன்னொரு நிலையமான நரீட்டாவிலிருந்து. நரீட்டா டோக்கியோவுக்குக் கிழக்கே தள்ளி இருப்பதால் அமெரிக்காவுக்கு 59 கி.மீ. பக்கம். ஆனால் நகரத்திலிருந்து நரீட்டா போகவே 60 கி.மீ. ஆகும், ஆகவே ஒன்றும் மிச்சமில்லை.

உலகப்படத்தில் அளந்த 9,300 ஏன் தப்பு என்றால், உருண்டையைத் தட்டையாக்கிய படம் அது. இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன (35.55, 33.94 வடக்கு). படத்தில் கிழக்கே நேராகப் போவதுதான் குறுக்குவழி மாதிரி தெரியும். உண்மையில் குறுக்குவழி பெருவட்டப் பாதை. பூமியின் மையத்தின் வழியாக வெட்டினால் கிடைக்கிற வட்டம்தான் பெருவட்டம். ஒரு பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் நூல் தானாகவே வடக்கே வளைந்து நிற்கும். இந்தப் பாதை டோக்கியோவிலிருந்து கிளம்பும்போதே வடகிழக்காக, வடக்கிலிருந்து சுமார் 56 பாகை திரும்பிப் புறப்படுகிறது. நடுப் பசிபிக்கில் 47.7 பாகை வடக்கு வரை ஏறி, மறுபடி இறங்குகிறது. அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளுக்குக் கொஞ்சம்தான் தெற்கே. இப்படி வளைந்து போவதில் ஏறக்குறைய 490 கி.மீ. மிச்சம்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒரு விரிதாள் போதும்:

இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்தில் எழுதுங்கள். ஹனேடா 35.55, 139.78. லாஸ் ஏஞ்சல்ஸ் 33.94, மைனஸ் 118.41. தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 258.19, அது 180-ஐத் தாண்டுவதால் 360-லிருந்து கழித்தால் 101.81. இப்போது முதல் அட்சரேகையின் சைனையும் இரண்டாவதின் சைனையும் பெருக்குங்கள்: 0.3246. பிறகு இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள்: மைனஸ் 0.1381. இரண்டையும் கூட்டினால் 0.1865. இதன் ஆர்க்-கொசைன் 79.25 பாகை. ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. (பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்து). பெருக்கினால் 8,813.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, விரிதாள் சைன், கொசைன் எல்லாவற்றையும் ரேடியனில் (கோணத்தின் இன்னொரு அலகு) எதிர்பார்க்கும். பாகையை அப்படியே கொடுத்தால் பொருளில்லாத எண் வரும், ஆனால் பிழை என்று சொல்லாது. இரண்டு, மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போட மறப்பது. இந்தக் கணக்கில் 118.41-க்கு மைனஸ் விட்டுப்போனால் விடை 1,957 கி.மீ. என்று வரும். லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பதில் சீனாவின் ஜியாங்சு மாகாணத்துக்கு அளந்திருப்பீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம்: பூமி சரியான உருண்டை அல்ல. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. அந்தத் தட்டைத்தன்மையையும் சேர்த்துக் கணக்கிடும் தளங்கள் இதே பாதைக்குச் சுமார் 20 கி.மீ. கூடுதலாகக் காட்டும். அரை சதவீதத்துக்குள் அடங்கும் வித்தியாசம், பயணம் திட்டமிட இது ஒரு பொருட்டே இல்லை.


பதில் 2 – மேலைக்காற்று

தூரத்தை மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த 2 மணி நேரத்துக்கு வருகிறேன்.

விமானத்தின் வேகம் தரையைப் பொறுத்ததல்ல, சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்தது. நீண்ட தூர விமானங்கள் மாக் 0.85 அளவில், அதாவது ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கும். 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை சுமார் மைனஸ் 56 பாகை. அங்கே ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கி.மீ. ஆக மாக் 0.85 என்றால் 900 கி.மீ. சொச்சம். அந்தக் காற்றே கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தால் விமானமும் அதோடு சேர்ந்து ஓடும். ஓடும் ரயிலுக்குள் நடக்கிற மாதிரி.

ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் (மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் வேகக் காற்று) உலகிலேயே வலுவான ஒன்று. ஜனவரியில் அதன் நடுமையம் மணிக்கு 250, 300 கி.மீ. வேகத்தைத் தொடுவது சாதாரணம். (இதை முதலில் முறையாக அளந்தவரும் ஜப்பானியர்தான். வசாபுரோ ஓயிஷி 1920-களில் தடேனோ வானிலை நிலையத்திலிருந்து பலூன் விட்டு அளந்து, 1926-இல் அறிக்கையை எஸ்பெராந்தோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கிய மொழியில் வெளியிட்டார். அந்த மொழியில் போட்டால் உலகமே படிக்கும் என்று நினைத்தார், யாரும் படிக்கவில்லை.) 1952 நவம்பரில் பான் அமெரிக்கன் விமானம் ஒன்று டோக்கியோவிலிருந்து ஹொனலூலுவுக்கு இந்தக் காற்றைப் பிடித்துப் போனதில் 18 மணி நேரப் பயணம் 11.5 மணி நேரமாகச் சுருங்கியது. அதற்கப்புறம்தான் விமான நிறுவனங்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தன.

இப்போது கணக்கைப் பாருங்கள். காற்றே இல்லாத நாள் என்று வைத்துக்கொள்வோம். பெருவட்டம் 8,813, அதோடு நடைமுறைப் பாதை வளைவுக்கு 3 சதவீதம் சேர்த்தால் 9,080 கி.மீ. மணிக்கு 900 வீதம் 10 மணி 5 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, அதற்கும் தரையில் ஊர்வதற்கும் ஒரு அரை மணி நேரம். மொத்தம் 10 மணி 35 நிமிடம். இரு பக்கமும் இதுதான்.

பாதை முழுக்கச் சராசரியாக 90 கி.மீ. பின்காற்று கிடைத்தால் தரைவேகம் 990. 9 மணி 40 நிமிடத்தில் போய்விடலாம். திரும்பும்போது சராசரி 70 கி.மீ. எதிர்காற்று என்றால் 830. 11 மணி 25 நிமிடம் ஆகிவிடும். அந்த 2 மணி நேரம் இப்படித்தான் வருகிறது. கோடையில் ஜெட் ஸ்ட்ரீம் தளர்ந்து வடக்கே நகர்ந்துவிடும், வித்தியாசமும் குறையும். ஜனவரி, பிப்ரவரியில் இன்னும் கூடும்.

இதில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம்: போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது வந்த நஷ்டமும் ஒன்றுக்கொன்று சரியாகக் கழியாது. 9,000 கி.மீ. பாதையில் 100 கி.மீ. காற்று என்றால் போக 9 மணி நேரம், வர 11 மணி 15 நிமிடம். கூட்டினால் 20.25, காற்றில்லாவிட்டால் 20. எதிர்காற்றில்தான் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது. ஆகவே காற்று எப்போதும் மொத்தத்தில் நஷ்டம்தான்.

அடுத்து, பெருவட்டப் பாதையில் அப்படியே போகிறார்களா என்றால் அநேகமாக இல்லை. டோக்கியோவிலிருந்து கிழக்கே போகும் விமானம் ஜெட் ஸ்ட்ரீமைத் தேடி பெருவட்டத்துக்குத் தெற்கே இறங்கிப் போகும். உதாரணத்துக்கு, பெருவட்டத்தில் 8,813 கி.மீ., பின்காற்று 60 என்றால் 9 மணி 11 நிமிடம். 340 கி.மீ. சுற்றி 9,150 போனாலும் அங்கே பின்காற்று 130 என்றால் 8 மணி 53 நிமிடம். சுற்றி வந்தவன் 18 நிமிடம் முன்னால் வருகிறான். திரும்பும் விமானம் நேர்மாறாக வடக்கே அலூஷியன் பக்கமாக, சில நாட்களில் பெரிங் கடல் வரை ஏறி, காற்றுக்கு ஒதுங்கி வரும். பசிபிக்கில் இதற்கென்றே தினமும் காற்று நிலவரப்படி புதிதாகத் தடங்கள் வரைந்து வெளியிடுகிறார்கள். நேற்று போன கோடு இன்று இருக்காது.

டிஸ்பாட்சர்கள் (தரையிலிருந்து விமானப் பாதையைத் திட்டமிடுபவர்கள்) தரைத்தூரத்தைவிடக் காற்றுத்தூரத்தைத்தான் பார்ப்பார்கள். கிழக்கே போகும்போது தரையில் 9,150 கி.மீ. கடந்தாலும் 8 மணி 53 நிமிடம் × 900 = சுமார் 8,000 கி.மீ. காற்றைத்தான் விமானம் கிழித்திருக்கிறது. திரும்பும்போது 9,000 கி.மீ. பாதையில் 80 எதிர்காற்று என்றால் 10 மணி 59 நிமிடம், அதாவது ஏறக்குறைய 9,900 கி.மீ. எரிபொருள் எரிவது இந்த எண்ணுக்குத்தான். அதனால்தான் குளிர்காலத்தில் மேற்கே போகும் விமானங்களில் சரக்கைக் குறைப்பதும், சில சமயம் இருக்கைகளைக் காலியாக விடுவதும்.

இன்னொன்று. திரையில் தரைவேகம் 1,200 என்று காட்டினால் ஒலிவேகத்தைத் தாண்டிவிட்டது என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். இல்லை. 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போனபோதும் காற்றைப் பொறுத்தவரை அது மாக் 0.85 சுற்றிதான் பறந்தது.


பதில் 3 – நிலைநேரம்

அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. அது பிளாக் டைம்: கேட்டிலிருந்து பின்னால் தள்ளிய நொடியிலிருந்து போய் நிற்கும் கேட்டில் பிரேக் போடும் நொடி வரை. பெரிய நிலையங்களில் கிளம்பும்போது ரன்வே வரை ஊர 15 முதல் 25 நிமிடம், இறங்கிய பின் 10 நிமிடம் என்பது சாதாரணம். லாஸ் ஏஞ்சல்ஸில் கேட் காலியாகாமல் டாக்ஸிவேயிலேயே காத்திருப்பதும் உண்டு. இது போக, நேரத்துக்கு வந்ததாகக் கணக்குக் காட்ட நிறுவனங்கள் கொஞ்சம் திணித்தும் வைப்பார்கள். "30 நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம்" என்று அறிவிப்பு வரும்போது பாதி அந்தத் திணிப்புதான்.

இனி தேதிக் குழப்பம். இதற்கு ஒரே வழி, எல்லாவற்றையும் யுடிசி-க்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிட்டுக் கூட்டுவது. உள்ளூர் நேரத்தில் வைத்துக் கூட்டிக் கழித்தால் எப்படியும் ஒரு இடத்தில் தப்பும்.

டோக்கியோ யுடிசி கூட்டல் 9, வருடம் முழுக்க. ஜப்பானில் கோடை நேர மாற்றம் கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸ் குளிர்காலத்தில் யுடிசி கழித்தல் 8. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கழித்தல் 7. ஆக வித்தியாசம் குளிர்காலத்தில் 17 மணி, கோடையில் 16.

நீங்கள் கேட்டது: ஜனவரியில் டோக்கியோவில் மாலை 5:00 புறப்பாடு. யுடிசி-யில் காலை 8:00. 10 மணி நேரம் கூட்டினால் 18:00. அதிலிருந்து 8 கழித்தால் லாஸ் ஏஞ்சல்ஸில் காலை 10:00, அதே தேதி. கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி தெரிவது சர்வதேசத் தேதிக்கோட்டால்.

இதைவிட மோசமாக ஏமாற்றுவது நள்ளிரவு விமானம். 5-ஆம் தேதி 00:05-க்கு ஹனேடாவில் கிளம்பினால் யுடிசி-யில் 4-ஆம் தேதி 15:05. 10 மணி நேரம் கழித்து 5-ஆம் தேதி 01:05. லாஸ் ஏஞ்சல்ஸில் 4-ஆம் தேதி மாலை 5:05. டிக்கெட்டில் வருகை நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக மைனஸ் 1 என்று இருக்கும், கண்ணில் படாது. ஹோட்டலை 5-ஆம் தேதிக்குப் போட்டவர் 4-ஆம் தேதி இரவு லாபியில் நிற்க வேண்டியதுதான். விமானத்துக்கும் இதே பொறி உண்டு: 5-ஆம் தேதி 00:05 என்றால் 4-ஆம் தேதி இரவு 9:30-க்கே நிலையத்தில் இருக்க வேண்டும். 5-ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருக்கும்.

திரும்பும்போது பிளஸ் 2 வரும். செவ்வாய் இரவு 11:30-க்கு லாஸ் ஏஞ்சல்ஸ், யுடிசி-யில் புதன் 07:30. 12 மணி நேரம் சேர்த்தால் புதன் 19:30. டோக்கியோவில் வியாழன் அதிகாலை 4:30. புதன்கிழமை என்று ஒன்று தரையில் கிடையாது. அந்த நாளில் மருந்து, பில் கட்டுவது, கூட்டம் என்று எதையும் தேதி பார்த்துப் போடாதீர்கள். தினம் இத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்கும் மருந்தானால் கடிகாரத்தைப் பார்க்காமல் கழிந்த மணி நேரத்தை எண்ணுங்கள். எப்படி நகர்த்துவது என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.


பயணக்கணக்கன்

மூவருக்கும் நன்றி. மைனஸ் போட மறந்து 1,957 வந்தது எனக்கும்தான், காரணம் இப்போது புரிந்தது. மாறிப் போவது பற்றிக் கேட்டதற்கும் யாராவது சொல்லுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவா, ஹொனலூலுவா? கூடவே ஒன்று: லண்டன் – டோக்கியோ 9,590 கி.மீ. என்று இதே முறையில் வந்தது. மேலே சொன்ன கணக்குப்படி 11.5 மணி நேரம் ஆக வேண்டும். அட்டவணையில் 14 மணி நேரம் போட்டிருக்கிறதே?


பதில் 4 – திசைமானி

மாறிப் போவதற்கு இரண்டு பெருவட்டத்தைப் போட்டுக் கூட்டிப் பாருங்கள்.

ஹனேடா – சான் ஃபிரான்சிஸ்கோ 8,286, அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் 543. மொத்தம் 8,829. நேரடியைவிட வெறும் 16 கி.மீ. அதிகம். ஏனென்றால் பெருவட்டம் கலிபோர்னியாவுக்கு வடமேற்கிலிருந்து இறங்கி வருகிறது, சான் ஃபிரான்சிஸ்கோ கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. ஹனேடா – ஹொனலூலு 6,192, ஹொனலூலு – லாஸ் ஏஞ்சல்ஸ் 4,107. மொத்தம் 10,299, அதாவது 17 சதவீதம் சுற்று. தட்டைப்படத்தில் பார்த்தால் ஹவாய்தான் பாதி வழியில் இருக்கிற மாதிரி தோன்றும்.

ஆனால் 16 கி.மீ. என்று மயங்க வேண்டாம். நேரத்தைப் பாருங்கள்: சான் ஃபிரான்சிஸ்கோ வரை சுமார் 9 மணி 15 நிமிடம், காத்திருப்பு 3 மணி நேரம், அடுத்த விமானம் பிளாக் டைமில் ஒன்றரை மணி நேரம். மொத்தம் 13 மணி 45 நிமிடம். நேரடியாகப் போனால் 10. ஒரு நிறுத்தம் என்றால் இறக்கம், ஊர்தல், மறுபடி ஏற்றம் என்று 40 நிமிடம் போக, காத்திருப்புதான் முழுதாகத் தின்கிறது.

அந்தக் காத்திருப்பை 3 மணி நேரத்துக்குக் கீழே குறைக்காதீர்கள். அமெரிக்காவில் முதலில் கால் வைக்கும் ஊரில்தான் குடிவரவுச் சோதனை. கடைசி ஊர் வரை டேக் போட்டிருந்தாலும் பெட்டியைப் பெரும்பாலும் அங்கேயே பெல்ட்டிலிருந்து எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பிறகு பாதுகாப்புச் சோதனை இன்னொரு முறை. அங்கே விமானம் மாறுவதற்கே நாட்டுக்குள் நுழையும் அனுமதி தேவை, வெறும் டிரான்சிட் என்று உட்கார இடமில்லை. இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுத்திருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பாடு. தனித்தனியாக எடுத்தால் இரண்டாவது டிக்கெட் அப்படியே போய்விடும், கேட்க ஆளில்லை.


பதில் 5 – மேலைக்காற்று

லண்டன் கேள்விக்கு. 9,590 சரி. அந்தப் பெருவட்டத்தை வரைந்து பாருங்கள்: 71 பாகை வடக்கு வரை ஏறி, பெரும்பகுதி ரஷ்யாவுக்கு மேலே போகிறது. 2022 பிப்ரவரி இறுதியிலிருந்து அந்த வான்வெளி பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு மூடியிருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்களும் அந்த வழியை விட்டுவிட்டன. அதற்கு முன் 11.5 முதல் 12 மணி நேரம் ஆனது இப்போது 14-ஐத் தொடுகிறது.

இங்கேயும் காற்றின் வேலையைக் கவனியுங்கள். லண்டனிலிருந்து டோக்கியோ போகும் விமானங்கள் பெரும்பாலும் துருக்கி, காகசஸ், மத்திய ஆசியா, சீனா என்று தெற்கே சுற்றிக் கிழக்கு முகமாக, பின்காற்றோடு போகின்றன. டோக்கியோவிலிருந்து லண்டன் வரும்போது அதே வழியில் திரும்பினால் எதிர்காற்று முழுக்க முகத்தில் அடிக்கும். ஆகவே ஜப்பானிய விமானங்கள் பல, எதிர்த்திசையில் வட பசிபிக், அலாஸ்கா, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாக வருகின்றன. மேற்கே இருக்கும் ஊருக்குக் கிழக்கே கிளம்பிப் போகிறார்கள். ஒரே பயணி போய் வந்தால் உலகத்தைச் சுற்றிவிட்டார் என்று அர்த்தம். அதிகம் அடிபட்டது ஹெல்சிங்கி: டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரம் என்பதை வைத்தே வியாபாரம் நடத்திய ஊர், இப்போது 13 ஆகிறது. சீன நிறுவனங்களுக்கு அந்த வான்வெளி இன்னும் திறந்திருப்பதால், ஐரோப்பா – சீனா பாதையில் ஒரே நாளில் இரண்டு நிறுவனத்துக்கு இரண்டு நேரம் காட்டும். அட்டவணை தப்பு என்று நினைக்க வேண்டாம்.

தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இன்னொரு நல்ல உதாரணம் சிங்கப்பூர் – நியூயார்க். பெருவட்டம் சுமார் 15,350 கி.மீ., வட துருவத்துக்கு அருகே போகும். 2018 அக்டோபரில் நியூயார்க்கை ஒட்டிய நூவர்க் நிலையத்துக்கு நேரடிச் சேவை தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸே அறிவித்த தூரம் ஏறக்குறைய 16,700 கி.மீ., நேரம் 18 மணி 45 நிமிடம் வரை. 1,300 கி.மீ. கூடுதலாகப் பசிபிக் வழியே காற்றைப் பிடித்துப் போவதையும் சேர்த்த எண் அது. அதற்கென்றே எரிபொருள் கொள்ளளவை 1,65,000 லிட்டராக உயர்த்திய ஏர்பஸ் ஏ350-900 ரகம். இருக்கை வெறும் 161. எகானமி வகுப்பே கிடையாது. தூரம் கூடக் கூட, எரிபொருளைத் தூக்கவே எரிபொருள் எரிகிறது, ஆட்களைக் குறைக்க வேண்டியிருக்கிறது. பூமியில் இரண்டு ஊர்களுக்கு நடுவே அதிகபட்ச தூரமே 20,015 கி.மீ.தான், அதற்கு மேல் போனால் மறுபக்கம் கிட்டம்.


பதில் 6 – நிலைநேரம்

நடைமுறைக்கு ஒன்று. தூரக் கணக்குத் தளங்கள் "பறக்கும் நேரம்" என்று போடுவது பெரும்பாலும் தூரத்தை ஒரு நிலையான வேகத்தால் வகுத்து அரை மணி நேரம் கூட்டியது. காற்று, திசை எதுவும் அதில் கிடையாது. போக வர ஒரே எண் காட்டினால் அந்த ரகம் என்று தெரிந்துகொள்ளலாம். தூரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், நேரத்துக்கு வேண்டாம்.

நேரத்துக்கு, நீங்கள் எடுக்கப்போகும் விமானத்தின் எண்ணை ஃபிளைட்ரேடார்24 அல்லது ஃபிளைட்அவேரில் தேடுங்கள். கடந்த ஒரு வாரப் பயணங்கள் வரிசையாக வரும்: திட்டமிட்ட புறப்பாடு, நிஜமாகக் கிளம்பியது, இறங்கியது. கிளம்பியதற்கும் இறங்கியதற்கும் உள்ள இடைவெளிதான் பறந்த நேரம். ஏழு நாளில் மிக அதிகமானதை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரியை அல்ல. கனெக்‌ஷனைத் தவறவிடுவது சராசரி நாளில் நடப்பதில்லை. பயணம் ஜனவரியில் என்றால் ஜூலையில் பார்த்த எண் உதவாது. அட்டவணையும் மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறும். அமெரிக்கக் கடிகாரம் மாறுவது வேறு ஞாயிறுகளில். மார்ச்சில் இரண்டு மூன்று வாரம், அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம் அளவுக்கு இரண்டும் ஒத்துப்போகாது. அந்த வாரங்களில் டிக்கெட்டில் இருக்கும் உள்ளூர் நேரத்தை மட்டும் நம்புங்கள், பழைய வித்தியாசத்தைக் கூட்டாதீர்கள்.


பயணக்கணக்கன்

கடைசியாக ஒன்று. திரும்புவது செவ்வாய் இரவு 11:30 விமானம். டோக்கியோவில் அறை எந்த இரவுக்குப் போட வேண்டும்? புதனா, வியாழனா?


பதில் 7 – நிலைநேரம்

வியாழன் அதிகாலை 4:30-க்கு இறங்குகிறீர்கள். நேராகப் போய்ப் படுக்க வேண்டுமென்றால் புதன் இரவுக்குப் போடுங்கள், வருகை வியாழன் காலை 6 மணி என்று குறிப்பும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் புதன் இரவு வரவில்லை என்று நினைத்து அறையை ரத்து செய்துவிடக்கூடும். பகலெல்லாம் வெளியே சுற்றித் தாக்குப்பிடிக்க முடியும் என்றால் வியாழன் இரவுக்கே போடலாம். பெட்டியை மட்டும் காலையில் வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.